குறுகலான இடத்தில் ரோலர் கோஸ்டர் எப்படி அடங்குகிறது?

நியூயார்க்கின் கோனி ஐலண்டில், பழைய லூனா பார்க்கின் பெயரிலேயே 2010-ல் திறந்த கேளிக்கைப் பூங்காவில் 2014-ல் வந்தது தண்டர்போல்ட் என்ற ரோலர் கோஸ்டர். சந்து மாதிரி இடத்தில் சுமார் 680 மீட்டர் தண்டவாளம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

முக்கியமான தந்திரம் ஏற்றத்தில் இருக்கிறது. சாய்வாக ஏறினால் அதற்கே பாதி இடம் போய்விடும். இது செங்குத்தாக ஏறுகிறது. மல்லாந்து கிடப்பீர்கள், கண்ணுக்கு வானம் மட்டும்தான். சுமார் 35 மீட்டர் உச்சியைத் தாண்டியதும் நேர்கீழே விழும். வேகத்தைத் தருவது விழும் உயரம்தான், சரிவின் நீளம் அல்ல, அதனால் நஷ்டமில்லை. அப்புறம், அகலமான வளைவுகளுக்குப் பதில் தலைகீழ்ச் சுழற்சிகள். அவை பக்கவாட்டில் பரவாமல் மேலே எழும்பும். நீண்ட ரயிலும் கிடையாது, ஒற்றை வண்டிதான். இறுக்கமான திருப்பத்திலும் சுலபமாக வளைந்துவிடும்.