தர்மபுரியில் 3 அடி கடல்நீர் மீன் தொட்டி: எந்த மீன்கள் ஒத்துப்போகும், தனிமைப்படுத்துவது அவசியமா?

3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டியில் கோமாளி மீன், புளூ டாங், டாம்செல் ஆகியவற்றைச் சேர்த்து விடலாமா என்றும், கடையில் நன்றாக நீந்திக்கொண்டிருந்த மீனையும் தனியே வைத்திருக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியில் ஏறத்தாழ இதே அளவுத் தொட்டியை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் மீனை வாங்குவதற்கு முன், புதிய மீனைத் தனியே வைத்துக் கவனிக்க இரண்டாவதாக ஒரு சிறு தொட்டியை வாங்குங்கள்.

தங்கள் தொட்டியின் கொள்ளளவு கணக்குப்படி சுமார் 190 லிட்டர். பாறையும் மணலும் போட்டபின் நீர் 150 லிட்டர் அளவில்தான் நிற்கும். ஓரடி வரை வளர்ந்து நாள் முழுவதும் நீந்தித் திரியும் புளூ டாங்குக்கு இது போதவே போதாது. டாம்செல் வேறு வகைச் சிக்கல். விலை மலிவு, நிறம் அழகு, எதையும் தாங்கும். ஆனால் ஓர் இடத்தைத் தனதாக்கிக்கொண்டுவிட்டால், பின்னால் வரும் மீன்களை மூலையிலேயே ஒடுக்கிவிடும். ஆசையை விட முடியாவிட்டால் ஒன்றே ஒன்றை, எல்லா மீன்களுக்கும் கடைசியாக விடுங்கள்.

கோமாளி மீன் சரியான தேர்வு. ஒன்று சற்றுப் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இரண்டு வாங்கினால், ஆணாகவே வளரத் தொடங்கும் இவ்வினத்தில் பெரியது பெண்ணாக மாறி இணை சேர்ந்துவிடும். பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்ந்தவையா என்று கேட்டு வாங்குங்கள். ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலேயே கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்திருக்கிறார்கள். கூடவே சிறிய, சாதுவான மீன்களான பங்காய் கார்டினல் ஒன்றும் ஃபயர் ஃபிஷ் ஒன்றும் போதும். ஃபயர் ஃபிஷ் மிரண்டால் வெளியே துள்ளிவிடும் என்பதால் தொட்டிக்கு வலைமூடி கட்டாயம்.

தனிமைப்படுத்துவதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். சென்னையில் வாங்கி இரவுப் பேருந்தில் கொண்டுவந்த டாங் மீனை நேரே தொட்டியில் விட்டேன். ஐந்தாம் நாள் அதன் துடுப்பில் உப்புத்தூள் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தெரிந்தன, பத்து நாளுக்குள் நான்கு மீன்களில் மூன்று போயின. கிரிப்டோகேரியான் எனும் அந்த ஒட்டுண்ணி மீனின் உடலில் சில நாள்களே இருக்கும். பிறகு உதிர்ந்து மணலிலும் பாறையிலும் கூடு கட்டிப் பெருகி, மறுபடி மீனைத் தேடி வரும். புள்ளி மறைந்ததைக் கண்டு நோய் போய்விட்டதென்று பலர் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். மிஞ்சிய ஒரு மீனைப் பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றிவிட்டு, ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி அழியட்டும் என்று பெரிய தொட்டியை 76 நாள் மீனில்லாமல் ஓடவிட்டேன்.

தனிமைத் தொட்டிக்கு 60 முதல் 80 லிட்டர் போதும். மணலோ பாறையோ வேண்டாம், ஏனெனில் அவை மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள் போதுமானவை. ஸ்பாஞ்ச் ஃபில்டரை மூன்று நான்கு வாரம் முன்பே பெரிய தொட்டியில் போட்டு, கழிவைச் சிதைக்கும் நல்ல நுண்ணுயிர் பிடிக்கவிடுங்கள். மீனை நான்கு வாரமாவது வைத்து, அது உண்கிறதா, மூச்சு வேகமாக இருக்கிறதா, உடலைக் குழாயில் உரசுகிறதா என்று தினமும் கவனியுங்கள். ஒட்டுண்ணியைக் கொல்லும் தாமிர மருந்து தேவைப்பட்டால், அதன் அளவைக் காட்டும் டெஸ்ட் கிட் இல்லாமல் தொடவேண்டாம். பெரிய தொட்டியில் ஒருபோதும் ஊற்றவேண்டாம், இறாலும் பவளமும் பிழைக்காது.

நெடுந்தூரம் வந்த மீனுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து நீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) இறங்கியிருப்பதால், கழிவில் சேர்ந்த அம்மோனியா அதிகம் தீங்கு செய்யாமல் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏற, அதே அம்மோனியா நஞ்சாகிவிடும். ஆகவே பையைத் திறந்து வைத்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் சேர்க்காமல், கடையில் வைத்திருக்கும் உப்பளவை முன்பே தொலைபேசியில் கேட்டுத் தனிமைத் தொட்டியை அதே அளவில் தயாராக வைத்து, மூடிய பையைச் சற்று மிதக்கவிட்டு வெப்பம் ஒத்ததும் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். உப்பு கலக்க ஆர்ஓ நீரையே பயன்படுத்துங்கள். நம் பக்கத்துப் போர்வெல் நீரின் கடினமும் ஃபுளோரைடும் தங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு தொட்டிக்கும் வலை, வாளி, குழாய் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும்.