விட்டு விட்டு வழுக்கும் உலோகக் கண்ணாடி

கேள்வி: இயற்பியல் முதுநிலை படிக்கும் என் மகள், உலோகக் கண்ணாடியை மிக மெதுவாக அழுத்தினால் அது சீராக நசுங்காமல் விட்டு விட்டு வழுக்கும் என்கிறாள். கண்ணாடியென்றால் உடைய வேண்டும், உலோகமென்றால் நசுங்க வேண்டும். இது என்ன இரண்டுங்கெட்டான்?
– வாசகர் ஒருவர், குன்னூர்

பதில்: பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம், பார்வைக்கு அது எவர்சில்வரைப் போலத்தான் பளபளக்கும். உருகிய உலோகக் கலவையின் அணுக்கள், படிகமாக அடுக்கிக்கொள்ள அவகாசமின்றி வரிசை கலைந்தபடியே உறைந்துவிடுவதால் அதைக் கண்ணாடி என்கிறார்கள். 1960இல் அமெரிக்காவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில் தங்கத்தையும் சிலிக்கனையும் கலந்து முதன்முதலில் இதைச் செய்தபோது, வினாடிக்குச் சுமார் 10 லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்விக்க வேண்டியிருந்தது.

உங்கள் ஊர் மலை ரயிலின் பல் தண்டவாளம் எஃகு. அதன் படிக அடுக்குகளில் உள்ள குறைகள் சிறிது சிறிதாக நகர்ந்து அழுத்தத்துக்கு இடம் கொடுக்கும். படிகமே இல்லாத உலோகக் கண்ணாடிக்கு அந்த வழி கிடையாது. ஆகவே, நீளத்தில் ஏறக்குறைய 2 சதவீதம் வரை வில்போலச் சுருங்கித் தாங்கும். அதைத் தாண்டினால், 10 முதல் 20 நானோமீட்டர் தடிமனே உள்ள சறுக்குப் பட்டைகளில்தான், அதாவது ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் வழுக்கும் மெல்லிய அடுக்குகளில்தான், உருக்குலைவு முழுவதும் குவியும்.

6 மில்லிமீட்டர் உயரத் துண்டொன்றை, வினாடிக்கு ஒரு மைக்ரான்கூட நகராத தட்டுகளுக்கிடையே வைத்ததாகக் கொள்வோம். தகைவு, அதாவது துண்டினுள் ஓர் அலகுப் பரப்பு தாங்கும் விசை, ஏறிக்கொண்டே போக, ஏதோ ஓரிடத்தில் சில பத்து அணுக்கள் இடம் மாறும்; அவை கைவிட்ட சுமை பக்கத்து அணுக்களின் மேல் விழ, அவையும் சரிய, சில மில்லி வினாடிகளில் பட்டை வழுக்கி, தகைவு இறங்கி, எல்லாம் நின்றுவிடும். தட்டு நிற்காததால் தகைவு மறுபடி ஏறும். வரைபடத்தில் இது ரம்பப் பற்களாகத் தெரியும். சாய்வாக ஏறிச் செங்குத்தாக விழும் பற்கள். வேகமாக அழுத்தினால், ஒரு வழுக்கல் அடங்குமுன் அடுத்தது தொடங்கிவிடுவதால் பற்கள் மங்கிவிடும்.

சிறு வழுக்கல்கள் ஏராளம், பெரியவை அரிது. நிலநடுக்கங்களின் கணக்கும் இப்படித்தான் அமைகிறது. மழைக்காலத்தில் நீங்கள் காணும் மண்சரிவோடும் இதை ஒப்பிடலாம், ஆனால் ஓரளவுக்குத்தான்: அங்கே மண்ணைத் தளர்த்துவது நீர், இங்கே, பெரிய வழுக்கலில், பட்டையில் பிறக்கும் வெப்பமும் தளர்ச்சியைக் கூட்டுகிறது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், துண்டின் மேல் பூசிய வெள்ளீயம் பட்டையின் ஓரத்தில் உருகி மணிமணியாகத் திரண்டிருந்தது. வெள்ளீயம் உருக 232 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

அழுத்தும் இயந்திரம் எவ்வளவு விறைப்பானது என்பதையும் மகளிடம் கேளுங்கள். விறைப்புக் குறைந்த இயந்திரம் வில்போல வளைந்து தன்னுள் தேக்கிய மீட்சி ஆற்றலும் சேர்ந்து தள்ளுவதால், அதே துண்டு அதில் சீக்கிரமே முறிந்துவிடும்.