நாயும் வரட்டுமா?

கேள்வி: குடும்பத்தோடு ஐந்து நாள் காரில் சுற்றுலா போகிறோம். எங்கள் பக் நாயும் வர வேண்டும் என்று பிள்ளைகள் ஒரே அடம், கணவர் வேண்டவே வேண்டாம் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: நான் உங்கள் கணவர் கட்சி. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும், பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு அதுவே பெரும்பாடு. சாப்பிட இறங்கும்போது ‘பத்தே நிமிஷம்தானே’ என்று காரிலேயே விட்டுவிடுவீர்கள். வெளியே 21 டிகிரி இருந்தாலே அந்தப் பத்து நிமிடத்தில் உள்ளே சுமார் 10 டிகிரி ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிதாகக் குறையாது.

அது பழகிய ஒருவரை உங்கள் வீட்டிலேயே வந்து தங்கச் சொல்லுங்கள், கிளம்புவதற்கு முன் ஒரு ராத்திரி ஒத்திகை பாருங்கள். துவைக்காத பழைய டி-ஷர்ட் ஒன்றை அதன் படுக்கையில் போட்டுவிட்டுப் போங்கள், உங்கள் வாசனை இருந்தால் ஓரளவு அடங்கும்.

இல்லை, கூட்டிக்கொண்டுதான் போவோம் என்றால் முதலில் அரை மணி நேரம் காரில் சுற்றிப் பாருங்கள். எச்சில் ஒழுகி, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால் அதற்குக் குமட்டுகிறது என்று அர்த்தம். அப்புறம் பிள்ளைகளிடம், காரைக் கழுவப்போவது யார் என்றும் கேட்டு வையுங்கள்.