தம்பிக்காகக் கூட்டிக் காட்டும் வருமானமும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும்

கேள்வி: வீட்டிலிருந்தே பனியன் தைத்துக் கொடுத்து மாதம் 8,500 ரூபாய் சம்பாதிக்கிறேன். லாரி ஓட்டி வந்த கணவர் நெஞ்சுவலியால் ஓராண்டாக வேலைக்குச் செல்லவில்லை. பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கு இரண்டரை லட்சம் ஆகும் என்கிறார்கள். இதற்கிடையில் என் தம்பி 6 லட்சம் ரூபாய் கார் கடனுக்கு என்னைக் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்க்கிறான். அதற்காக என் ஆண்டு வருமானம் 4.2 லட்சம் என்று வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யக் கையெழுத்துக் கேட்கிறான். அவன் கடைக்காக அடகு வைத்த என் நகைக்கு நான்தான் மாதம் 900 ரூபாய் வட்டி கட்டுகிறேன். எங்களுக்கு முதலமைச்சர் காப்பீடு கிடைக்குமா? இல்லையென்றால் நூற்றுக்கு இரண்டு வட்டியில் கடன் வாங்கலாமா? ஆண்டுக்கு 24,000 ரூபாய் கட்டும் மருத்துவக் காப்பீட்டு பாலிசி ஒன்றையும் முகவர் வற்புறுத்துகிறார்.
— வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: உங்கள் குடும்பத்தின் உண்மையான வருமானம் ஆண்டுக்கு 1,02,000 ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்கான வருமான வரம்பு, முன்பு 72,000 ரூபாயாக இருந்து, பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆகவே இன்றைய நிலையில் நீங்கள் வரம்புக்குள் இருக்கிறீர்கள். தம்பி நீட்டும் படிவத்தில் கையெழுத்திட்டால் அந்த வரம்பைப் போல மூன்றரை மடங்கு வருமானம் உடையவராகிவிடுவீர்கள்.

"அது வங்கிக்கு மட்டும் காட்டும் கணக்கு" என்று அவர் சொல்லக்கூடும். வரித்துறையிடம் 4.2 லட்சம் என்றும், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்காக 1.02 லட்சம் என்றும் ஒரே பெண் கையெழுத்திட்டால் அவற்றுள் ஒன்று பொய். எது பொய் என்று பின்னாளில் யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். கணக்கைத் தாக்கல் செய்யும் ஆடிட்டரும் தம்பியும் அல்லர். இது போதாதென்று கடனும் இருக்கிறது. 6 லட்சத்தை 10 சதவீத வட்டியில் ஐந்தாண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 12,750 ரூபாய். கூட்டு விண்ணப்பதாரர் என்பது சாட்சிக் கையெழுத்து அன்று. தம்பி கட்டத் தவறினால் முழுத் தொகைக்கும் நீங்கள் பொறுப்பு. மாதம் 8,500 சம்பாதிப்பவர் 12,750 ரூபாய்த் தவணைக்குப் பொறுப்பேற்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நகையில் தொடங்கிய பழக்கம் இப்போது உங்கள் கணவரின் சிகிச்சையையே தொடும் இடத்திற்கு வந்திருக்கிறது. ஆகவே கையெழுத்திடாதீர்கள். கணவரின் சிகிச்சையைக் காரணமாகச் சொன்னால் அதில் பொய்யும் இல்லை, மனத்தாங்கலுக்கும் இடமில்லை.

வட்டிக் கடனைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. இரண்டரை லட்சத்திற்கு மாதம் 5,000 ரூபாய் வட்டிக்கு மட்டுமே போகும். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

முகவர் சொல்லும் பாலிசி எவ்வளவு பளபளப்பானதாக இருந்தாலும், ஏற்கெனவே கண்டறியப்பட்ட இதய நோய்க்கு, காத்திருப்புக் காலம் என்ற பெயரில், மூன்றாண்டுகள் வரை பணம் தர மறுக்க விதிகள் இடமளிக்கின்றன. நோயை மறைத்து எடுத்தால் கோரிக்கையையே நிராகரிப்பார்கள். இந்த அறுவைச் சிகிச்சைக்கு உதவாத ஒன்றுக்காக மாதம் 2,000 ரூபாயை ஒதுக்கச் சொல்பவரிடம் இரக்கம் காட்ட வேண்டாம்.

2012-இல் இப்பெயரில் தொடங்கி, 2018-இல் மத்திய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்துடன் இணைக்கப்பட்ட முதலமைச்சர் திட்டத்தில், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். பிரீமியம் முழுவதையும் அரசே செலுத்துகிறது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்திற்குக் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன், குடும்ப அட்டையில் அவர் பெயர் இருக்கிறதா, ஆதாரில் உள்ளபடியே எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அங்கே ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் வீண் அலைச்சல்தான்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இது கையில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டம். முதலில் கட்டிவிட்டுப் பிறகு அட்டையைக் காட்டித் திரும்பப் பெறும் திட்டம் அன்று. எனவே அட்டை கைக்கு வருமுன் எந்த மருத்துவமனையிலும் முன்பணம் செலுத்தாதீர்கள். மருத்துவமனை திட்டப் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. இதய அறுவைச் சிகிச்சைக்கும் அனுமதி பெற்றதா என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதே அட்டையைப் பயன்படுத்தலாம். நாள் குறிப்பதற்குமுன் காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி வந்துவிட்டதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் நேரில் கேளுங்கள்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய போக்குவரத்து, உடனிருப்பவர் சாப்பாடு, சில மாதங்கள் தையல் வருமானம் குறைவது ஆகியவற்றுக்கு மட்டும் கைப்பணம் தேவைப்படும். தம்பி நகையை மீட்டுத் தந்தால் மாதம் 900 ரூபாய் மிச்சமாகும். கார் பேச்சு மறுபடி வந்தால், முதலில் அதைக் கேளுங்கள்.