ஆட்களை வார்டு மாற்றிப் போட்டால் அரசு மருத்துவமனையின் ஆள் பற்றாக்குறை தீராதா?

கொஞ்சம் தீரும். எவ்வளவு தீரும் என்பதில்தான் சிக்கல். ஓர் அரசு மருத்துவமனையில் நான்கு வருடம் நர்ஸ்களுக்கு டூட்டி ரோஸ்டர் போட்டிருக்கிறேன். "ஒரு வார்டில் கூட்டம் நெரிகிறது, பக்கத்து வார்டில் பாதிப் படுக்கை காலி. அங்கிருந்து இரண்டு பேரை இங்கே அனுப்பினால் என்ன?" என்று முதல் மாதம் நானும் கேட்டேன்.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வார்டில் எந்த நேரமும் ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்றால், வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவருக்கு வாரம் 40 மணி நேர வேலை என்றால் 4.2 பேர் வேண்டும். லீவ், பயிற்சி, மகப்பேறு விடுப்பு, திடீர்க் காய்ச்சல் எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர் ஆகிவிடும். எங்களிடம் நான்கு பேர் இருந்தார்கள். காகிதத்தில் அது முழு பலம்! குறைகிற ஒருவரைப் பக்கத்து வார்டிலிருந்து எடுப்போம். அந்த வார்டும் இதே கணக்கில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, ஆள் கிடைத்தாலும் வேலை தெரிய வேண்டுமே. ஓர் இரவு, எலும்பு முறிவு வார்டில் பல வருட அனுபவமுள்ள ஒரு நர்ஸை, பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கே மருந்தின் அளவே குழந்தையின் எடையைப் பார்த்து நுணுக்கமாகக் கணக்கிடுவது. கருவிகளும் அவருக்குப் புதுசு. அவர் தொட்ட ஒவ்வொன்றையும் அந்தப் பிரிவின் நர்ஸ் இன்னொரு முறை சரிபார்த்தார். ஒரு கை வந்தது, இருந்த கையில் பாதி போனது. "அடுத்த தடவை பழக்கிவிட்டு அனுப்புங்க மேடம்" என்றார் காலையில். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதற்குப் பிறகு வார்டுகளை ஜோடி சேர்த்தோம்: எலும்பு முறிவோடு அறுவை சிகிச்சை, குழந்தைகள் வார்டோடு பிறந்த குழந்தைகள் பிரிவு. மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் ஜோடி வார்டில் டூட்டி. இதில் நல்ல பலன் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் பழக்குவதற்கு அந்த ஒரு வாரம் ஆளை விடுவிக்க வேண்டுமே, அதற்கும் உபரியாக ஆள் வேண்டும்.

உபரி என்றாலே வீண் செலவு என்று நினைக்கிறார்கள். படுக்கைகள் சராசரியாக 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பினாலே ஆபத்து தெரிய ஆரம்பிக்கிறது, 90-ஐத் தாண்டினால் நெருக்கடி அடிக்கடி வரும் என்று 1999-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு காட்டியது. ஆட்கள் விஷயத்திலும் அப்படித்தான் என்பது என் அனுபவம். பென்சில்வேனியாவில் லிண்டா ஐகன் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது: ஒரு நர்ஸ் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. ஆளை எடுத்துவிட்டு வருகிறோமே, அந்த வார்டில் நடப்பது இதுதான்.

ஒப்பந்தப் பணியாளர்களைப் போடலாமே என்பீர்கள். பழகி முடிக்கும்போது ஒப்பந்தம் முடிந்துவிடும்.

படுக்கை எண்ணிக்கையை விட்டுவிட்டு, உண்மையான வேலைப்பளுவை வைத்துப் பணியிடங்களைக் கணக்கிட உலக சுகாதார நிறுவனத்திடம் ஒரு முறை இருக்கிறது. சுருக்கமாக விஸ்ன் என்பார்கள். இருக்கும் ஆட்களைத் தேவைப்படும் ஆட்களால் வகுப்பது. விடை ஒன்றுக்குக் கீழே வந்தால் வேலைப்பளு அதிகம். எங்கள் வார்டுகளுக்கு இதைப் போட்டுப் பார்த்து, விடுப்புக்கு ஈடாக இரண்டு பணியிடம் கேட்டு மேலே எழுதினேன். ஏழு மாதம் கழித்து, "இருக்கும் பணியாளர்களைத் தேவைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தவும்" என்ற குறிப்போடு கோப்பு திரும்பி வந்தது. அந்த மாத ரோஸ்டரையும் நான்கு பேரை வைத்தே போட்டேன்.