டீசல் ஊறிய மண்: சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தார் கேள்விகளுக்குப் பதில்

அண்ணே, டிராக்டர் கொட்டகையில் டிரம் ஓட்டையாகி, பத்து கிலோ டீசல் மண்ணில் இறங்கிவிட்டது. என்ன செய்வது?

தம்பி, டீசலைத் தின்னும் சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் உங்கள் மண்ணிலேயே இருக்கின்றன. அவற்றுக்கு டீசலிலேயே கரிமம் (கார்பன்) கொட்டிக் கிடக்கிறது. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும்தான் (பாஸ்பரஸ்) பற்றாக்குறை. 100 பங்கு கரிமத்துக்கு 10 பங்கு தழைச்சத்து, 1 பங்கு மணிச்சத்து என்பது வழக்கமான கணக்கு. பத்து கிலோ டீசலில் சுமார் எட்டரை கிலோ கரிமம். அதற்கு வேண்டிய தழைச்சத்துக்கு யூரியா இரண்டு கிலோவுக்குள் போதும். ஒரேயடியாகக் கொட்டினால் பாக்டீரியாவுக்கே கேடு, நான்கைந்து தவணையாகப் போடுங்கள். நம் பக்கத்து மண் புளிப்பானது, புளிப்பைக் குறைக்க டோலமைட் சுண்ணாம்புத் தூளும் தூவுங்கள். கூரைக்குக் கீழே தார்ப்பாயில் ஒரு சாண் உயரத்துக்கு மண்ணைப் பரப்பி, வாரம் ஒரு முறை மண்வெட்டியால் புரட்டுங்கள். காற்று படாவிட்டால் வேலை படுத்துவிடும். ஒரு பிடி மண்ணை அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. மாதக்கணக்கில் ஆகும். வாடை போய்விட்டது என்று நம்பிவிடாமல், ஆய்வகத்தில் மண்ணைச் சோதித்துப் பாருங்கள்.

பழைய இஞ்சின் எண்ணெயையும் இப்படிக் கரைக்கலாமா?

கூடாது. அதிலுள்ள துத்தநாகம், ஈயம் போன்ற உலோகங்களை எந்தப் பாக்டீரியாவாலும் அழிக்க முடியாது. மலேசியாவின் 2005 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அது அட்டவணைக் கழிவு, அதாவது அபாயகரமான கழிவு. உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

கடையில் விற்கும் பாக்டீரியா பாட்டில் வாங்கலாமா?

வேண்டாம். அந்தக் காசுக்கு உரமும் தார்ப்பாயும் வாங்குங்கள்.

ஐயா, அப்படிச் சொல்லிவிட முடியாது. விஞ்ஞானி ஆனந்த சக்ரவர்த்தி உருவாக்கிய, எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவுக்குக் காப்புரிமையே கொடுத்தார்களே!

கொடுத்தார்கள், 1980 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆய்வுக்கூடத்தில் அது பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் 1989 இல் எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டியபோது கரையில் பெருமளவில் தெளித்தது என்ன தெரியுமா? உரம்! அங்கிருந்த பாக்டீரியாக்களே மீதி வேலையைப் பார்த்தன. வெளியூர்ப் பாக்டீரியா, உள்ளூர்க் கூட்டத்தோடு போட்டி போட்டுப் பெரும்பாலும் தோற்றுப்போகிறது.

விலை குறைந்த பாட்டில் என்றாலுமா?

மேலே சொல்லிவிட்டேன்.

சோப்புத்தூள் போட்டு அலசிவிட்டால்?

எண்ணெய் கால்வாய்க்குப் போகும், அங்கிருந்து ஆற்றுக்குப் போகும். கெஞ்சிக் கேட்கிறேன், அலசாதீர்கள், கொளுத்தவும் செய்யாதீர்கள்.

அக்கா வீட்டுக் கிணற்றில் டீசல் வாடை. கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம், அம்மா. கொதிக்கும்போது ஆவி சமையலறையில் நிறையும், நீரும் சுத்தமாகாது. இன்றைக்கே அந்தக் கிணற்றை நிறுத்திவிட்டு, சுகாதாரத் துறைக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் தெரிவியுங்கள்.