கூடிக் கட்டும் வீடுகள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயாவுக்கு,

பணி ஓய்வு பெற்ற நாங்கள் ஆறு குடும்பத்தினர், பெருமாள்புரத்துக்கு அப்பால் ஒரு மனையைச் சேர்ந்து வாங்கி, தனித்தனி வீடுகளும் நடுவில் பொது அடுக்களை, விருந்தினர் அறை, தோட்டம் ஆகியவையுமாகக் கட்டலாம் என்று பேசிவருகிறோம். பிள்ளைகள் எல்லாரும் வெளியூரில் இருக்கிறார்கள். "பழைய வளவு வாழ்க்கைதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்கிறார் எங்களில் ஒருவர், ஒரே தெருக்கதவுக்குள் பல குடும்பங்கள் வாடகைக்கு இருந்த வளவுகளை நினைத்து. தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. நண்பர் சொல்லும் காரணம்தான் பிடிக்கவில்லை. திருநெல்வேலி டவுன் வளவுகளில் கிணறும் கழிப்பறையும் நடையும் பொதுவாக இருந்தன என்பது உண்மை. ஆனால் அவற்றின் முறைகளைக் குடியிருந்தவர்கள் கூடி முடிவு செய்யவில்லை. முன்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் இரவு பத்து மணிக்குத் தெருக்கதவைத் தாழிட்டுவிட்டால், இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வருகிறவர் சங்கிலியைத் தட்டிவிட்டு, அவர் முனகிக்கொண்டே எழுந்து வரும்வரை தெருவில் நிற்க வேண்டியதுதான். யாரைக் குடிவைப்பது என்பதும் அவர் முடிவு. பெரும்பாலும் சாதியைக் கேட்டுவிட்டு எடுக்கும் முடிவு.

நீங்கள் கட்ட நினைப்பதில் வீட்டுக்காரர் கிடையாது. கடினமே அதுதான். டென்மார்க்கில் யான் குத்மண்ட்-ஹோயர் என்ற கட்டடக் கலைஞர் இத்தகைய குடியிருப்பைப் பற்றி நண்பர்களோடு பேசத் தொடங்கியது 1964இல். அவர்கள் முதலில் வாங்கிய நிலத்தில் அக்கம்பக்கத்தார் எதிர்ப்பால் கட்ட முடியாமல் போயிற்று. அந்நாட்டின் முதல் கூட்டுக் குடியிருப்பு, சேட்டடாமென் என்னும் இடத்தில் 27 வீடுகளோடு 1972இல்தான் எழுந்தது. அமெரிக்காவுக்கு அது வந்து சேர்ந்தது 1991இல், கலிபோர்னியாவின் டேவிஸ் நகரத்தில். இவ்விடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் முழு அடுக்களை உண்டு. பொது அடுக்களையில் வாரத்தில் சில வேளைகள் மட்டும் பெரியவர்கள் அனைவரும், ஆண்கள் உட்பட, முறை வைத்துச் சமைக்கிறார்கள், பாத்திரமும் கழுவுகிறார்கள்.

ஆகவே வரைபடத்துக்கு முன் அடுக்களையைப் பேசிவிடுங்கள். உங்கள் கடிதத்தில் பொது அடுக்களை இருக்கிறது, யார் சமைப்பது என்பது இல்லை. ஆறு வீட்டு ஆண்களும் தோட்டத்தில் உட்கார்ந்து பேச, ஆறு வீட்டுப் பெண்களும் பன்னிரண்டு பேருக்கு வடிப்பதாக இருந்தால், அந்தப் பெண்கள் தத்தம் வீட்டில் இருப்பதே மேல். ஆள் வைத்துச் சமைப்பதானால் அது நல்ல மெஸ்ஸாக இருக்கும், அவ்வளவே. அங்கே சாளைக் குழம்பு வைக்கலாமா, சைவ வீட்டார் அந்தச் சட்டியைத் தொடுவார்களா என்பதையும் இப்போதே வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது. நாகரிகம் கருதி யாரும் கேட்காமல் விடுகிற கேள்விதான் பிறகு கதவைச் சாத்திக்கொள்ள வைக்கிறது.

அடுத்தது, ஒருவர் விலகினால் அல்லது இறந்தால் என்ன என்பது. மனையில் ஒவ்வொருவருக்கும் பிரிக்கப்படாத பாகம் இருக்கும். சென்னையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரும் வாரிசு, அதை வீட்டோடு சேர்த்து விற்கத்தான் பார்ப்பார். மற்ற ஐவரிடமே முதலில் விலை கேட்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதலாம், வழக்கறிஞரைப் பாருங்கள். ஆனால் அந்த ஷரத்து, "நம்ம ஆட்களுக்கு மட்டும்" என்று வளவுக்காரர் வைத்திருந்த அதே தாழ்ப்பாளாக மாறிவிடவும் கூடும். அப்படி மாறுமானால் நான் உங்கள் பக்கம் இல்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன், சில மாதங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொருவர் வீட்டிலாகக் கூடிச் சாப்பிடுங்கள். முதல் முறை ஆண்களுடையதாக இருக்கட்டும்.